ஸ்கீலாகரில் இருந்து வீட்டுக்குப் படமும் செய்தியும் அனுப்புவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதன்கிழமை இரவு ஏழரை மணி இருக்கும். நான் ஸ்கீலாகரில், அதாவது பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமில், சமையலறையில் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாயிடமிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, மூண்டு நாளா அறுபது படம் வந்திட்டுது. என்ர பிள்ளை ஒண்டிலயும் இல்லை. அவன் உங்களோடதான் நிக்கிறானோ?”

அவர் கேட்ட அந்த நேரத்தில் அவருடைய மகன் அடுத்த அறையில் மூன்றாவது தட்டு மக்கரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருந்த பிள்ளை. ஆனால் அவன் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? நான் உடனே போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அறுபதில் ஒன்றில்கூட அவன் இல்லை. அவன் மட்டுமல்ல, முதல் முறை ஸ்கீ போட்ட ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் இல்லை.

காரணம் எளிது. நன்றாகச் சறுக்கத் தெரிந்த குழுவை நடத்துபவருக்குக் கை ஓய்வாக இருக்கும், நின்று நின்று படம் எடுப்பார். புதியவர்களின் குழுவை நடத்துபவரோ விழுந்த பிள்ளையைத் தூக்குவார், கழன்ற ஸ்கீயை மாட்டுவார், அழுகிற பிள்ளையின் மூக்கைத் துடைப்பார். அவருக்குப் போனைத் தொடவே நேரமில்லை. ஆனால் முதல் முறை போகும் பிள்ளையின் வீட்டில்தான் கவலை அதிகம். யாருக்குப் படம் மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து இந்த வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று முடிவெடுத்தேன். சுவிட்சர்லாந்தில் பேர்ண் பக்கம் இருந்து ஹாஸ்லிபெர்க் என்ற மலையூருக்கு வகுப்போடு சமையல் உதவிக்குப் போகிறவள் நான். படம் அனுப்பும் பொறுப்பும் இப்போது என் கையில் இருக்கிறது. நீங்கள் ஆசிரியராகவோ, கூடப் போகும் பெற்றோராகவோ இருந்தால் இதில் இருப்பதை அப்படியே எடுத்துச் செய்யலாம். வீட்டில் இருந்து படத்துக்குக் காத்திருப்பவராக இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் என்னென்ன கேட்கவேண்டும் என்பதாவது இதில் கிடைக்கும்.

ஸ்கீலாகர் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கே பல பள்ளிக்கூடங்களில் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு வாரம் வகுப்பு முழுவதும் மலைக்குப் போய் ஒரு பெரிய வீட்டில் தங்கிப் பனிச்சறுக்குப் பழகும். இது பழைய வழக்கம். நாடளாவிய இளையோர் ஸ்கீ முகாமே 1941 முதல் நடக்கிறது. பள்ளிக்கூடம் கட்டாயம் என்று வைக்கும் முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டும், வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போகும் பயணம் இல்லை இது. ஸ்கீயைக் கையால் தொட்டே இராத தாய் தகப்பனின் பிள்ளைகளும் போகிறார்கள். எங்கள் தமிழ் வீடுகளில் பல அப்படித்தான். பிள்ளை ஐந்து இரவு வீட்டை விட்டு வெளியே படுப்பதும் பல வீடுகளில் அதுதான் முதல் தடவை.

படி 1: பெற்றோர் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள்

படம் பற்றிய பேச்சு மலையில் தொடங்கக் கூடாது. இலையுதிர் காலத்துப் பெற்றோர் கூட்டத்தில், கம்பளிச் சட்டை, சூரியக் கிரீம் என்று பட்டியல் வாசிக்கும்போதே இதையும் வைத்துவிட வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆனால் “படம் எடுக்கச் சம்மதமா, ஆமா இல்லையா” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் அது உதவாது. மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

முதலாவது, வகுப்புப் பெற்றோர் மட்டும் பார்க்கும் இடத்தில் என் பிள்ளையின் படம் வரலாமா? இரண்டாவது, பள்ளிக்கூடத்தின் இணையதளத்திலோ ஊர்ப் பத்திரிகையிலோ வரலாமா? மூன்றாவது, என் பிள்ளை இருக்கும் கூட்டுப் படத்தை மற்றப் பெற்றோர் தங்கள் சொந்தங்களுக்கு அனுப்பலாமா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் உண்மையில் பிரச்சினை வருவது அங்கேதான். படம் வந்து பத்து நிமிடத்தில் அது யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடம் இருக்கும், டொராண்டோவில் சித்தியிடம் இருக்கும், லண்டனில் மாமாவின் ஸ்டேட்டஸில் ஏறியிருக்கும். பேரப்பிள்ளை பனியில் நிற்பதைப் பார்க்கும் ஆசை நியாயமானது, அதை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் இன்னும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் இருப்பிடம் பிரிந்து போன தகப்பனுக்குத் தெரியக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவே இருக்கலாம். வகுப்பில் யாருக்கு அப்படி இருக்கிறது என்று நமக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை.

இந்த நாட்டில் ஒருவரின் உருவம் அவருக்குச் சொந்தம். குடியியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஒருவரின் ஆளுமையைக் காக்கிறது, அதற்குள் படமும் அடங்கும். சிந்தித்து முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. இத்தனை வயது என்று சட்டம் ஒரு எண் சொல்லவில்லை. ஆகவே பெற்றோரின் கையெழுத்தோடு நிற்காமல் பிள்ளையிடமும் கேளுங்கள். “வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளையிடம் ஏன் என்று தோண்டாதீர்கள். பல்லுக்குக் கம்பி போட்ட வருடமாக இருக்கும், வேறு எதுவாகவும் இருக்கும்.

நம் அம்மாமார் பலருக்கு டொச் (ஜெர்மன்) மொழியில் வரும் நீண்ட கடிதம் சிரமம். கையெழுத்துப் போடுவார்கள், எதற்கு என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டத்துக்கு ஒழுங்கு செய்வார்கள். வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 2: ஒரே ஒரு வழி

வகுப்பு வாட்ஸ்அப் குழு கையில் தயாராக இருக்கும், எல்லாரும் அதிலேயே போடச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அங்கே ஒவ்வொருவரின் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், போட்ட படம் அந்த நொடியே இருபது போன்களில் தானாக இறங்கிவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது. ஐரோப்பாவில் வாட்ஸ்அப் பாவிக்கும் வயதை 2024 ஏப்ரலில் 16இல் இருந்து 13 ஆகக் குறைத்தார்கள். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கும் கீழே.

பள்ளிக்கூடம் ஏற்கெனவே கிளாப் போன்ற, பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் ஒரு செயலியைப் பாவித்தால் அதையே பாவியுங்கள். பெற்றோருக்குப் பழக்கமானது, ஆசிரியரின் சொந்த நம்பர் வெளியே போகாது. அப்படி ஒன்று இல்லையென்றால் கடவுச்சொல் போட்ட ஒரு ஆல்பம் போதும். கடவுச்சொல்லைக் கடிதத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். சுட்டியையும் கடவுச்சொல்லையும் ஒரே செய்தியில் அனுப்பினால் பூட்டையும் சாவியையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்த கதைதான். வாரம் முடிந்து எல்லாப் படத்தையும் பெரிய அளவில் கொடுக்க, கோப்பு அனுப்பும் இணையதளமான சுவிஸ்டிரான்ஸ்ஃபர் நல்லது. 50 ஜிபி வரை இலவசமாக ஏற்றலாம், கடவுச்சொல் போடலாம், அதிகபட்சம் 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் சரி, வழி ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டு வழியில் போட்டால் “அங்கே வந்த படம் இங்கே ஏன் வரவில்லை” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே மாலை முடிந்துவிடும்.

படி 3: பெயர்ப்பட்டியலும் ஒரு பென்சிலும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம். அன்று அனுப்பும் படங்களில் முகம் தெரிய வந்த பிள்ளைக்கு மட்டும் ஒரு சரி. முதுகு தெரிந்தால் சரி போடக் கூடாது, ஹெல்மெட்டும் கண்ணாடியும் மூடிய முகத்துக்கும் போடக் கூடாது. படத்துக்குச் சம்மதம் இல்லாத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு வட்டம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் படத்துக்குப் பதிலாக அன்று ஒரு வரி செய்தி தனியாகப் போகும்.

நான் இந்தத் தாளைச் சமையலறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைப்பேன். உப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். செவ்வாய் மதியம் பார்த்தால் யாருக்கு இரண்டு நாளாகக் கட்டம் காலி என்று தெரிந்துவிடும். மாலை பிள்ளைகள் வந்ததும் நான் தேத்தண்ணீரோடு வாசலில் நிற்பேன், அந்தப் பிள்ளையைத் தேடிப் போய் ஒரு படம். கன்னம் சிவந்து, தலைமயிர் ஹெல்மெட்டுக்குள் நசுங்கி, கையில் ஆவி பறக்கும் கோப்பை. ஸ்கீயே இல்லாத அந்தப் படத்தைத்தான் அம்மாமார் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் வரவேண்டும் என்று இல்லை. 24 பிள்ளைக்கு அது நடவாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை என்பது நடக்கக்கூடியது. அதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை யாரும் பதறமாட்டார்கள்.

படி 4: ஒற்றைப் படம், கூட்டுப் படம்

படி 1இல் சொன்ன மூன்றாவது கேள்வியைத் தீர்க்க நான் கண்டுபிடித்த வழி இது. வாரத்தில் ஒரு முறை, வெயில் உள்ள ஒரு நாளில், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு படம் எடுக்கிறேன். பின்னால் மலை, கையில் ஸ்கீ, கண்ணாடி நெற்றிக்கு மேலே. ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் படம் அந்த வீட்டுக்கு மட்டும் போகும். “இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், கூட்டுப் படங்களை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்” என்று கீழே எழுதிவிடுவேன்.

அனுப்பாதே என்று மட்டும் சொன்ன வருடங்களில் யாரும் கேட்கவில்லை. அனுப்ப ஒன்றைக் கையில் கொடுத்த பிறகு எல்லாரும் கேட்கிறார்கள். அம்மம்மாவுக்கும் பேரனின் முகம் பெரிதாகத் தெரிகிற படம்தானே வேண்டும்?

படி 5: குளிருக்குப் போனைத் தயார் செய்வது

போனின் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. ஐபோனை 0 முதல் 35 பாகை வரையான சூழலில்தான் பாவிக்கச் சொல்கிறது ஆப்பிள். ஜனவரிக் காலையில் 2000 மீட்டர் உயரத்தில் மைனஸ் பத்து சாதாரணம். வீட்டில் 60 சதவீதம் காட்டிய போன் மேலே போனதும் திடீரென்று அணைந்துவிடும். ஜக்கெட்டின் வெளிப் பையில் வைக்காதீர்கள். உள்ளே, உடம்புச் சூடு படும் பையில் வையுங்கள். அணைந்த போனை உடனே சார்ஜ் போட முயலாமல் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துச் சூடாக்குங்கள், பெரும்பாலும் தானாக உயிர் பெறும்.

திரும்பி வரும்போது வேறு ஒரு தொல்லை. குளிர்ந்த போன் சூடான சமையலறைக்குள் வந்ததும் அதன்மேல் நீர் பூக்கும். அது கமராக் கண்ணாடிக்கு உள்ளேயும் படியலாம். வெளியே நிற்கும்போதே மூடி அழுத்தும் பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே வந்து அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள்.

படம் எடுத்த இடத்தைப் படத்தோடு பதியும் வசதியைப் போனில் புறப்படும் முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் புள்ளி மறைந்திருக்கும், பிள்ளைகள் தூங்கும் வீடு எது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

படி 6: பனியில் படம் எடுப்பது

முதல் நாள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறோம். பனி வெள்ளையாக இருந்தது, படத்தில் சாம்பல் நிறமாக வந்திருக்கிறது, பிள்ளையின் முகம் கறுத்துப்போயிருக்கிறது. கமரா எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். நம் பிள்ளைகளின் மாநிறத்துக்கு இது இன்னும் மோசம், முகத்தில் கண்ணும் பல்லும் தவிர எதுவும் தெரியாது. பிள்ளையின் முகத்தைத் திரையில் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பனி மறுபடி வெள்ளையாகும், முகத்தில் நிறம் திரும்பும். கமராவில் எடுப்பவர்கள் ஒரு படி கூட்டி வையுங்கள்.

மூடுபனி நாளில் பனிக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது. அன்று மரங்களின் பக்கமாகப் போய் எடுங்கள். கரிய ஊசியிலை மரம் பின்னால் இருந்தால் படம் தப்பிவிடும்.

சறுக்கி வரும் பிள்ளையை மேலே இருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். கீழே நின்று, முட்டி போட்டு, தொடர்ந்து எடுக்கும் முறையில் வையுங்கள். முட்டி போட்டு எடுக்கும்போது சின்னச் சரிவும் மலையாகத் தெரியும், பிள்ளையும் உயர்ந்து நிற்பான். இரண்டு மீட்டர் உயரச் சரிவில் முதல் முறை விழாமல் வந்த பிள்ளைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பது இதைவிட முக்கியம். சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து விதிகளில் ஆறாவது விதி, குறுகலான இடத்திலும் மேலே இருந்து வருபவருக்குத் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது என்கிறது. மேட்டுக்குக் கீழே மறைவில் நின்று படம் எடுப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், நெஞ்சு பதறுகிறது. பாதையின் ஓரத்துக்கு வாருங்கள். சறுக்கிக்கொண்டே எடுக்காதீர்கள். நாற்காலி லிஃப்டில் போனை வெளியே எடுக்கவே வேண்டாம், கையுறையோடு பிடித்தால் அது நழுவும், பிள்ளை அதை எட்டிப் பிடிக்கக் குனியும்.

புதியவர்களின் குழுவுக்கு வாருங்கள். அங்கே ஆசிரியரிடம் படம் கேட்காதீர்கள். சமையல் உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் காலை பத்து மணிக்குப் போய், கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல், இருபது நிமிடம் அங்கே நிற்கட்டும். அந்த இருபது நிமிடத்தை வேலைப் பட்டியலிலேயே எழுதுங்கள், பாத்திரம் கழுவுவதை எழுதுவது போல. எழுதாவிட்டால் நடக்காது.

படி 7: எடுக்கவே கூடாதவை

படுக்கை அறை, உடை மாற்றும் இடம், குளியலறை வாசல், இரவு உடை. இதில் விவாதமே இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு “எடுங்கோ” என்று கேட்டாலும் இல்லை.

அழுகிற முகம் வேண்டாம், வீட்டு நினைப்பில் ஒதுங்கி இருக்கும் பிள்ளையும் வேண்டாம். விழுவதைப் படம் எடுத்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும், விழுந்த பிள்ளைக்கு வராது. தானே கேட்டு எடுத்த படமாக இருந்தால் அது வேறு.

இன்னொன்று, கொஞ்சம் நுட்பமானது. பல பிள்ளைகள் போடுவது மச்சாளின் பழைய ஜக்கெட், பழைய பொருள் கடையில் எடுத்த காற்சட்டை. கிழிசலும் அளவு கூடிய கையும் படத்தில் பளிச்சென்று தெரியும். தெரிவு செய்யும்போது அந்தப் பிள்ளையின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். அதே போல, வகுப்பில் வராமல் நின்ற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் அந்த வாரம் வேறு வகுப்பில் இருந்து பாடம் படிக்கிறார்கள், இந்தப் படங்களும் அவர்கள் கண்ணில் படும். “இதைத் தவறவிட்டவர்கள் பாவம்” என்ற மாதிரியான வரி எழுதாதீர்கள்.

படி 8: மாலை வேலை

நாலரைக்குள் எல்லாரும் கீழே வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் படங்களை ஒரே போனுக்குத் தரவேண்டும். தெரிவு செய்பவர் ஒருவர், இரண்டாவது கண்ணாக ஒரு ஆசிரியர். நாளுக்குப் பன்னிரண்டு படம் போதும். அறுபது வேண்டாம். அறுபதில் பிள்ளையைத் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பின்னணியின் நான்கு மூலையும் பாருங்கள். இதை நான் பாடமாகக் கற்ற நாள் நினைவிருக்கிறது. முதல் வருடம், செவ்வாய்க்கிழமை, ஆறு பிள்ளைகள் கைகோத்துச் சிரிக்கும் அருமையான படம். அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்பது அழைப்புகள். பின்னால், விரல் நகம் அளவுக்கு, மீட்புப் பணியாளர் ஒருவர் அடிபட்டவரை வைத்துச் சறுக்குவண்டியை இழுத்துப் போகிறார். அவர் எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெரியவர் ஒருவர். ஆனால் “அது யார்?” என்று ஒன்பது வீட்டில் இதயம் நின்றுபோயிருந்தது. ஒரு தகப்பன் வேலையை விட்டுக் காரில் ஏறிவிட்டார். என் அவசரத்தால் வந்த பயம் அது.

முகாம் வீடுகளில் இணையம் பெரும்பாலும் பலவீனம். படங்களை நீளப்பக்கம் 2000 புள்ளிகளுக்குக் குறைத்து ஏற்றுங்கள், போன் திரைக்கு அது தாராளம். மூலப் படங்கள் வாரக் கடைசிக்கு இருக்கட்டும்.

அனுப்பும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்கவேண்டும். நாங்கள் ஏழு மணி என்று வைத்திருக்கிறோம். ஏழு மணிக்கு வரும் என்று தெரிந்தால் வீட்டில் ஆறு மணிக்குப் போனைத் திறந்து திறந்து பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் முடியாமல் போனால் “இன்று இணையம் இல்லை, எல்லாரும் நலம், படம் நாளை” என்று ஒரு எஸ்எம்எஸ் ஆவது போகவேண்டும்.

படி 9: என்ன எழுதுவது?

பெற்றோருக்குத் தெரியவேண்டியது நான்கு: எல்லாரும் நலமா, என்ன சாப்பிட்டார்கள், இன்று என்ன செய்தார்கள், நாளை என்ன. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். “எல்லாரும் நலம்” முதல் வரியில் வரவேண்டும், கடைசியில் அல்ல. வாசிப்பவர் அந்தச் சொல்லைக் காணும்வரை வேறு எதையும் வாசிக்கமாட்டார்.

ஒரு மாதிரி:

“செவ்வாய், மாலை 7 மணி. 24 பிள்ளைகளும் நலம். காலையில் மைனஸ் எட்டு, பிறகு நல்ல வெயில். புதிய குழு இன்று முதல் முறை கயிற்று லிஃப்டில் ஏறியது, மதியத்துக்குள் ஏழு பேரும் விழாமல் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மற்றக் குழுக்கள் எளிதான நீலப் பாதையிலும் அதைவிடக் கடினமான சிவப்புப் பாதையிலும் சறுக்கின. இரவுச் சாப்பாடு ரீ கசிமிர், மரக்கறி சாப்பிடுவோருக்கு இறைச்சி இல்லாமல் தனியாக. இரண்டு பேருக்கு நேற்று இரவு வீட்டு நினைப்பு, இன்று சரியாகிவிட்டது. நாளை மதியத்துக்குப் பிறகு சறுக்குவண்டி ஓட்டம். அடுத்த செய்தி நாளை 7 மணிக்கு.”

பெயர் இல்லை, வர்ணனை இல்லை. சின்ன வசனங்களாக எழுதினால் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பும் பிழை விடாது. சுவிஸ் பேச்சு டொச்சில் எழுதினால் அது தடுமாறும், எழுத்து டொச்சில் எழுதுங்கள் என்று ஆசிரியர்களிடம் நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன். எங்கள் வகுப்பின் நான்கு தமிழ் அம்மாமாருக்காகக் கடைசியில் நான் இரண்டு வரி தமிழிலும் சேர்ப்பேன். திக்ரிஞ்ஞா பேசும் ஒரு தாய்க்கு வகுப்பில் இன்னொரு தாய் குரல் செய்தியில் வாசித்து அனுப்புவார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். ரீ கசிமிர் என்பது சோற்றோடு கறித்தூள் போட்ட மஞ்சள் குழம்பு, மேலே அன்னாசியும் வாழைப்பழமும். 1952இல் மோவென்பிக் உணவகத்தில் பிறந்த சுவிஸ் சாப்பாடு. நம் வீட்டுக் கறியோடு ஒப்பிட்டால் காரமே இல்லை. ஆனாலும் “இண்டைக்குப் பிள்ளை சோறு சாப்பிட்டுது” என்பது எங்கள் அம்மாமாருக்கு எந்தப் படத்தையும் விடப் பெரிய செய்தி.

படி 10: ஏதாவது நடந்துவிட்டால்

காயம், காய்ச்சல், காணாமல் போய்க் கிடைத்தது, எதுவாக இருந்தாலும் முதலில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி. குரலில் சொல்லவேண்டும், எழுத்தில் அல்ல. பொறுப்பாசிரியர்தான் சொல்லவேண்டும். பாதையில் விபத்து என்றால் மீட்புக் குழு, மருத்துவ உதவிக்கு 144, ரேகா என்ற வான் மீட்புச் சேவையின் ஹெலிகொப்டருக்கு 1414. இந்த எண்களையும் பெற்றோரின் எண்களையும் தாளில் எழுதி ஒவ்வொரு குழுப் பொறுப்பாளரின் பையிலும் வையுங்கள், போன் அணைந்துபோகும் என்று மேலே சொன்னேன் அல்லவா.

அந்த வீட்டோடு பேசி முடியும்வரை அன்றைய படம் எதுவும் போகக் கூடாது. பேசி முடிந்ததும் மற்றவர்களுக்கு ஒரு வரி: “ஒரு பிள்ளைக்குக் கையில் அடி, பெற்றோருக்குத் தெரியும், மற்ற எல்லாரும் நலம்.” மறைத்தால் பிள்ளைகளின் போன் வழியாக அது பத்து மடங்காகி வீட்டுக்குப் போகும்.

பிள்ளைகளின் போன் என்றதும் ஒன்று. எங்கள் முகாமில் இரவு அரை மணி நேரம் மட்டும் கொடுக்கிறோம், அதுவும் ஏழு மணிச் செய்தி போன பிறகு. வீட்டில் ஏற்கெனவே படம் பார்த்திருப்பதால் பேச்சு “சாப்பிட்டியா, குளிருதா” என்று விசாரணையாக இல்லாமல் “அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் யார்?” என்று தொடங்குகிறது. அழுகையும் குறைவு. போன் இல்லாத பிள்ளைகளுக்கு ஆசிரியரின் போனில் அதே அரை மணிக்குள் நேரம் கொடுங்கள்.

ஒரு தபால் அட்டையும் எழுத வையுங்கள். ஏ-போஸ்ட் முத்திரை ஒட்டிச் செவ்வாய் போட்டால் புதன் போய்ச் சேரும். பிள்ளையின் கையெழுத்தில் வரும் நாலு வரியை எந்த ஆல்பமும் ஈடு செய்யாது. தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் அம்மம்மாவுக்கும் ஒன்று.

படி 11: திரும்பி வந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூலப் படங்களைச் சுவிஸ்டிரான்ஸ்ஃபரில் ஏற்றி, இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். “இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்” என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் காரணம் கேட்காமல் எடுங்கள். சம்மதத் தாள்கள் பள்ளிக்கூடத்துக் கோப்பில் போகட்டும். ஆல்பத்தை மூடும் தேதியை முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பீர்கள், அந்தத் தேதியில் உண்மையாகவே மூடுங்கள். பொறுப்பாளர்களின் போன்களில் இருக்கும் பிரதிகளையும், அழித்தவை போய்த் தங்கும் கூடையையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒன்றாக அழிப்பது எங்கள் வழக்கம். கோப்பி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு வேலை. தனித்தனியாக எடுத்த ஒற்றைப் படங்களைக் கடையில் அச்சிட்டு, பின்பக்கத்தில் தேதியையும் இடத்தையும் எழுதி, பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அந்தப் புதன்கிழமை எனக்கு அழைப்பெடுத்த தாய்க்கு வியாழன் மாலை நானே வாசலில் எடுத்த படம் போனது, தேத்தண்ணீர்க் கோப்பையோடு. அச்சுப் படமாக அதைத்தான் கொடுத்தேன். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவாமிப் படத்துக்குப் பக்கத்துச் சுவரில், மகனின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கீழே அது இருக்கிறது. அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த வருடம் சிவப்புப் பாதைக் குழுவில் போகிறான்.